செவ்வாய்க்கிழமைக் குரல்

அரபு, கிரேக்கம், பஞ்சாபி, பிறகுதான் தமிழ். ஆங்கில எழுத்து வரிசையில் தமிழ் எங்கே போனாலும் வாலில்தான் கிடக்கும், பள்ளிக்கூட விழாவிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரி வாசல் பலகையிலும் அப்படித்தான். இன்றைக்கு அந்த வால் நல்லதாய்ப் போயிற்று என்று சயந்தவி நினைத்தாள். தன்னுடைய தமிழ் வாசிப்புக்கு முதல் மூன்று மொழி முடிய எப்படியும் பத்து நிமிடம் எடுக்கும், பத்து நிமிடத்துக்குள் தெல்மா அன்ரி போய்க் கதிரையில் இருந்துவிடுவார், கட்டாயம் இருந்துவிடுவார், எழுபது வயதுக் கால் எவ்வளவு நேரம்தான் தாங்கும். தெல்மா அன்ரி இருக்கவில்லை. ஒலிவாங்கிக்கு இடது பக்கம், தாங்கி நடக்கிற வோக்கரின் சில்லைப் பூட்டிவிட்டு, கைபிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி மேயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நகரசபையின் விழாப் பொறுப்பாளன் ட்ரெவர் ஒரு கதிரையைத் தூக்கிவந்து அவருடைய முழங்காலுக்குப் பின்னால் வைத்தான், உள்ளங்கையால் கதிரையைத் தட்டிக் காட்டினான், நாய்க்குட்டியைச் சோபாவில் ஏறச் சொல்லுகிற மாதிரி. அன்ரி திரும்பியும் பார்க்கவில்லை. அரபு வாசிக்க எழும்பிய மனிசன் நடுவில் அகப்பட்டுப்போனார், இந்தப் பக்கம் மேயர், அந்தப் பக்கம் அன்ரி, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அந்தப் பார்வையைத் தாண்டித்தான் ஒலிவாங்கிக்குப் போக வேண்டும், உடுப்புக் கொடிக்குக் கீழால் நுழைகிறவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு போனார். சயந்தவிக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரம் பயமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தது இதுதான் முதல்தரம்.

பத்து நிமிடத்துக்கு முதல் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நீச்சல் குளத்துக்கு முன்னால் புல்வெளியில் கூடாரம், நூற்றைம்பது பேர், புதிதாக நட்ட கல்லின் மேல் பச்சைத் துணி, வென்லி நகரசபையின் நல்லிணக்க நாள். மேயர் ஜனீன் பேசினார். மேயருடைய ஆங்கிலம் சயந்தவியின் தலைக்குள் விழும்போதே வானொலிச் செய்தித் தமிழாக மாறிவிடும், ஒவ்வொரு சொல்லுக்கும் இஸ்திரி போட்ட தமிழ். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விடத்தில் நிகழ்ந்த இடம்பெயர்வுகளையிட்டு வென்லி நகரசபை தனது ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவு செய்கின்றது. நிகழ்ந்தனவாம். பனி நிகழ்ந்தது, மழை நிகழ்ந்தது, அதுபோல ஒரு புல்டோசரும் நிகழ்ந்தது, ஆற்றங்கரையில் இருந்த ஆதிக்குடிகளின் தகரக் குடிசைகள் பன்னிரண்டின் மேலும், அவற்றுக்குப் பின்னால் இருந்த புதைகுழிகளின் மேலும். பிறகு அதே இடத்தில் ஒரு நீச்சல் குளமும் நிகழ்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பதில் சொல்ல தெல்மா அன்ரி வந்தார், குடிசைகளில் பிறந்தவர்களில் மிச்சமிருக்கிற மூன்று பேரில் ஒருவர். இரண்டு நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. அன்ரி அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. "நல்லது ஜனீன். இனி, செவ்வாய்க்கிழமை எனக்குப் போனில சொன்னதை இவையளுக்கும் சொல்லு. என்ர சனம் அதைக் கேக்கத்தான் ஆறு மணித்தியாலம் கார் ஓடி வந்திருக்குது." அன்ரியின் ஆங்கிலம் மட்டும் தலைக்குள் விழும்போது அம்மாவின் பேச்சுத் தமிழாக மாறிவிடுகிறது, அது ஏன் என்று அவளுக்குத் தெரியாது. சயந்தவி மேயரின் முகத்தைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். மேயரின் கண் ட்ரெவரிடம் போனது, ட்ரெவர் உதட்டைப் பிதுக்கினான், கண் திரும்பி வந்தது, எல்லாம் ஒரு விநாடி, பிறகு அந்தச் சிரிப்பு விரிந்தது, கண்காட்சியில் கேக் வெட்டுகிற சிரிப்பு. "செவ்வாய்க்கிழமை நாம் உரையாடியவை எனது இதயத்துக்கு மிகவும் நெருக்கமானவை, தெல்மா. அவற்றை நம் இருவருக்கும் இடையில் வைத்துக்கொள்ளவே நான் விரும்புகின்றேன்." அதற்கும் கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒரு மனுசி கண்ணைத் துடைத்தாள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். "எனக்கு வைச்சிருக்க விருப்பமில்லை," என்றார் அன்ரி. "திருப்பிச் சொல்லு." மேயர் ஒலிவாங்கியிடம் குனிந்து, அடுத்து நமது பன்மொழிச் செய்திகள், என்றார். அன்ரி அப்படியே நின்றார்.

எடுத்துவிட்டாள். சயந்தவிக்கு அதுதான் திரும்பத் திரும்ப வந்தது, பாதணிக்குள் போன கல் மாதிரி, எந்தப் பக்கம் மிதித்தாலும் அதே கல். கேட்காமல், ஒரு விநாடியில், சிரித்துக்கொண்டு, மேயர் அந்தப் போன் கோலைத் தன்னுடையதாக எடுத்துவிட்டாள். நான் செய்யாத கோல் அது என்று சொல்லியிருக்கலாம், ட்ரெவரைத் திட்டியிருக்கலாம், தெல்மா யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லியிருந்தால் சயந்தவிக்குக் கதை முடிந்திருக்கும், ஆனாலும் அது நேர்மையாக இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை மேயரின் குரலில் கோல் எடுத்தது சயந்தவி. பள்ளிக்கூடத்தில், படிக்க விட்ட நேரத்தில், உடற்பயிற்சிப் பாய்கள் அடுக்கிய அறைக்குள் இருந்து. ஒரு ஆளின் குரலைப் பிடிப்பது என்றால் மூச்சைப் பிடிப்பதுதான், எங்கே மூச்சு எடுக்கிறார் என்று தெரிந்தால் மிச்சம் தானாக வரும். தமிழ்ப் பள்ளி அதிபர் ஒவ்வொரு 'ஆகவே'க்கும் முன்னால் மூக்கால் இழுப்பார். ட்ரெவர் மூச்சே எடுக்கமாட்டான், வாக்கியம் முடிவதற்குள் காற்று முடிந்து கீச்சென்று நிற்பான். மேயர் கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு தரம் நிற்பார், பிறகு அந்தச் சொல்லைத் தட்டில் வைத்துத் தூக்கித் தருவார். மிக... நெருக்கமானவை. ஆழ்ந்த... வருத்தம். போன மாதம் அந்தக் குரலில் ட்ரெவருக்குக் கோல் எடுத்து, திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நாற்பது லாமிங்டன் கேக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தான். அது தெரிந்த நாளில் அவளும் சிநேகிதி பர்லினும் பஸ்ஸுக்குள் வயிறு நோகச் சிரித்தார்கள். அதே லாமிங்டனைத்தான் தெல்மா அன்ரியிடமும் கேட்க நினைத்தாள். சத்தியமாக அவ்வளவுதான். அம்மன்மேல் சத்தியம் என்று அம்மா மாதிரி மனசுக்குள் சொன்னாள், அதுவும் அம்மாவின் குரலில்தான் வந்தது.

அரபு முடிந்தது. கிரேக்கத்துக்கு ஒரு கிழவர் எழும்பினார், சேட்டுப் பொக்கற்றில் கண்ணாடியைத் தேடினார், தேடட்டும், நல்லாய்த் தேடட்டும். போன ஞாயிறு ஒத்திகைக்கு தெல்மா அன்ரி வந்தது, விழாவுக்கு வரமாட்டேன் என்று நேரில் சொல்லிவிட்டுப் போக. தண்ணீர்க் குழாயடியில் சயந்தவி போத்தல் நிரப்பிக்கொண்டிருந்தாள். "நீ எந்த ஊர்ப் பிள்ளை?" "சிலோன். தமிழ்." "உங்கட ஆக்களும் பெரியாக்களை அன்ரி எண்டுதான் கூப்பிடுறதாமே." "ஓம், ரோட்டில போற எல்லாரும் எங்களுக்கு அன்ரிதான். பிடிக்காத ஆக்களும்." மனுசி சிரித்தார், சிரிக்கும்போது ஒரு பக்கத்துத் தோள் மட்டும் ஆடியது, அதைக்கூட சயந்தவி பிடித்து வைத்துக்கொண்டாள், வெட்கம் கெட்ட காது, வெட்கம் கெட்ட கண். "எனக்கு நகரசபையிலயிருந்து கடிதம் வந்திருக்கு, பைல் வந்திருக்கு, போன கிறிஸ்மஸுக்குக் கேக்கும் வந்தது. ஒருத்தர் கோல் எடுத்ததில்லை, குஞ்சு. செய்த ஆக்கள் வாயால சொல்லவேணும்." தம்பி ஒருவன் இருந்தானாம், ரொய், எட்டு மாதம், நெஞ்சுச் சளி, ஆற்றங்கரையில் தாட்டார்களாம். இப்ப அவன் குளத்துக்குக் கீழேயோ கார் நிற்கிற இடத்துக்குக் கீழேயோ தெரியாது. வரைபடம் கேட்டு ஐந்து தரம் போனாராம், அப்படி ஒரு பேப்பர் இல்லை என்றார்களாம். "எங்கட சனம் சொரி எண்டு சொல்லுறது செத்தவீட்டை. எல்லாரும் வந்து இருந்து அழுது முடிக்கிறதுக்குப் பேர் சொரி. இவையள் செய்ததை ஒத்துக்கொள்ளாமல் நான் எங்க போய், எந்த மண்ணைப் பாத்து அவனுக்குச் சொரி வைக்கிறது?" போத்தல் நிரம்பி வழிந்து பாதணியை நனைத்தது. சொந்தக் குரலில் சயந்தவிக்கு எப்போதும் ஒன்றும் வராது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா நான்காவது வரிசையில் இருந்தாள், நாவல் நிறச் சேலை, கைபேசியை இப்போதே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மகள் தமிழில் வாசிப்பதைச் சித்திக்கு அனுப்பவேண்டுமாம். நகரசபையின் தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை முதல்முதல் பார்த்தபோது அம்மா தலைப்பை மட்டும்தான் வாசித்தாள். "நல்லிணக்கமோ. இந்தச் சொல் இஞ்சையும் வந்திட்டுதே." பேப்பரை நாலாக மடித்துச் சோற்றுப் பானையின் அடியில் வைத்தாள், சூடு மேசையைப் பழுதாக்காமல். அந்தச் சொல்லின் பெயரில் ஒரு ஆணைக்குழு அம்மாவின் ஊருக்கும் வந்ததாம், போர் முடிந்த அடுத்த வருசம். கேதீஸ் மாமா கையைத் தூக்கிக்கொண்டு சரணடையப் போனதை அம்மா கண்ணால் கண்டவள், எந்த பஸ்ஸில் ஏற்றினார்கள் என்றுகூடத் தெரியும். மாமாவின் படத்தையும் இரண்டு வயதுச் சயந்தவியையும் தூக்கிக்கொண்டு விடிய ஆறு மணிக்கு வரிசையில் நின்று, பின்னேரம் நாலு மணிக்கு மண்டபத்துக்குள் போனாளாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஏதோ சொன்னார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அந்த மொழிபெயர்ப்பாளரின் குரலை அம்மா ஒரே ஒரு தரம், அந்த ஞாயிறு இரவு, செய்து காட்டியிருக்கிறாள், பாத்திரம் கழுவிக்கொண்டு, திரும்பாமலே, பட்டுப் போலக் கனிவான ஒரு குரல், சயந்தவிக்கு மயிர் கூச்செறிந்தது, தனக்கு இந்தக் காது எங்கேயிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "அம்மா, உங்களுக்கு ஆடு வேணுமோ, கோழி வேணுமோ, தையல் மெசின் வேணுமோ?" பிறகு அம்மா தன்னுடைய குரலுக்குத் திரும்பி, "எனக்கு ஆடு வேண்டாம். நாங்கதான் கொண்டுபோனது எண்டு ஒருத்தன் வாயால சொன்னால் காணும். தெரியாமச் செய்யேல்லை, தெரிஞ்சுதான் செய்தனாங்கள், கேட்டு வந்தநேரம் பொய்தான் சொன்னனாங்கள் எண்டு. நான் பிறகு அவனுக்கு அந்தியேட்டிக் கிரியையைச் செய்துபோட்டு இருந்திடுவன்." குழாயை இறுக்கி மூடினாள். மூடின பிறகும் இறுக்கினாள்.

கிரேக்கக் கிழவர் இரண்டாவது பக்கத்துக்குப் போய்விட்டார். மெதுவாக ஐயா, மெதுவாக. அன்ரியின் வலது முழங்கால் நடுங்குவது இங்கேயிருந்தே தெரிந்தது, சாம்பல் நிறக் காற்சட்டைத் துணி தனியாக ஆடியது. காரில் வந்த சனம், பதினான்கு பேர், ஒரு கைக்குழந்தையும், முன்வரிசையில் அசையாமல் இருந்தது. செவ்வாய்க்கிழமை அன்ரி போனை எடுத்து, ஹலோ, என்றார். பின்னால் ஒரு கேத்தலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம். சயந்தவி மேயரின் குரலில், தெல்மா, ஜனீன் பேசுகிறேன், என்றாள். மற்றப் பக்கத்தில் கேத்தல் மட்டும். யாரோ அடுப்பை நிறுத்தினார்கள், சத்தம் இறங்கி இறங்கி நின்றது, அந்த அமைதிக்குள் ஒரு மனுசி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், அறுபது வருச மூச்சு, அதற்குள் லாமிங்டன் எப்படிப் போகும். லாமிங்டன் நாக்கில் ஒட்டிக்கொண்டது. வேறு ஒன்று வந்தது. நாங்கள்தான் செய்தது, தெல்மா. உங்கள் வீடுகளை இடித்தது நாங்கள். ரொய் இருந்த மண்ணுக்கு மேல் தண்ணீர் நிரப்பினது நாங்கள். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்துதான் செய்தோம். பேப்பர் இல்லை என்று ஒவ்வொரு தரமும் சொன்னது... பொய். கடைசிச் சொல்லைத் தட்டில் தூக்கி வைத்தபோது அவளுக்கே அழுகை வந்தது, மேயரின் குரலில் அழுகை எப்படி வரும் என்று தெரியாததால் விழுங்கிவிட்டாள். "கோல் எடுத்ததுக்கு நன்றி, குஞ்சு," என்றார் அன்ரி. மேயரையும் குஞ்சு என்றார். "என்ர ஆக்களைக் கூப்பிடுறன். சனிக்கிழமை நீ சொல்லு. ஞாயிறு நாங்கள் அவனுக்குச் சொரி வைப்பம்." சயந்தவி பாய்களுக்கு நடுவில் மணி அடிக்கும்வரை இருந்தாள். அன்றைக்கு அவள் பர்லினுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பஞ்சாபிப் பெண் எழும்பினாள். அடுத்தது தான். சொல்லிவிட்டால் என்ன. எழும்பி, நான்தான், என்று சொன்னால் பொலிஸ் வருமா, மேயர் மாதிரிப் பேசுவது குற்றமா, போன வருசம்தான் அம்மாவுக்கு நிரந்தர விசா வந்தது, பதினொரு வருசம் காத்திருந்து வந்த பேப்பர், அதைத் திருப்பி எடுப்பார்களா, எடுக்கமாட்டார்கள், எடுக்கலாம், யாருக்குத் தெரியும். அது ஒரு பயம். அதற்குக் கீழே இன்னொன்று கிடந்தது, அதை மிதிக்க அவளுக்கு விருப்பமில்லை. சொன்னால் அந்த மன்னிப்பு போய்விடும். அறுபது வருசத்தில் அந்த மனுசிக்கு வந்த ஒரே ஒரு கோல், அதையும் பறித்துக்கொண்டு போகவேண்டும், புல்டோசருக்கு அடுத்தது சயந்தவி. சொல்லாவிட்டால் அது மேயருடையது, நாளைக்குப் பத்திரிகையில் வரும், தெல்மாவுடன் மேயர் நடத்திய உணர்வுபூர்வமான தனிப்பட்ட உரையாடல், அடுத்த தேர்தல் நோட்டீசிலும் வரும், மேயர் அந்த வார்த்தைகளை ஒரு நாளும் சொல்லாமலே சொன்னவராகிவிடுவார், அன்ரி அந்த இடத்திலேயே நிற்பார், கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல். எல்லோருக்கும் முன்னால் சொல்லப்பட வேண்டும், அவ்வளவுதான், இந்தப் புல்லில், இந்த ஒலிவாங்கியில், காற்றில் ஒரு தரம் அது இருக்கவேண்டும். கையில் இருந்த துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தாள். நகரபிதா ஜனீன் அவர்களின் நல்லிணக்கச் செய்தி. மேயர் பெண் என்று மொழிபெயர்த்தவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தக் கூடாரத்துக்குள் தமிழ் தெரிந்த ஆட்கள் எத்தனை பேர். தான். அம்மா. அவ்வளவுதான். அப்படியானால் தமிழ் என்பது பாய் அடுக்கிய அறை மாதிரி, கதவைச் சாத்திவிட்டு எதையும் சொல்லலாம், ஒருவருக்கும் ஒன்றும் நடக்காது, சொன்னதாகவும் இருக்கும். அந்த யோசனை வந்ததும் அவளுக்குப் பழைய சந்தோசம் வந்தது, கோல் எடுப்பதற்கு முன் விரல்நுனியில் வருகிற சந்தோசம். அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள், சா-யன்-டேவி.

ஒலிவாங்கி பஞ்சாபிப் பெண்ணின் உயரத்தில் இருந்தது. சயந்தவி அதைக் கீழே இறக்கவில்லை, குதிக்காலை உயர்த்தினாள், பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தாள், அதை வாசிக்கவில்லை. "நாங்கதான் செய்தது," என்றாள். "உங்கட வீடுகளை இடிச்சது நாங்கள்." நான்காவது வரிசையில் கைபேசி மெல்ல இறங்கியது, அதற்குப் பின்னால் அம்மாவின் முகம் வந்தது, அம்மா தலையைச் சரித்துக் கேட்டாள், தூரத்தில் யாரோ தன்னுடைய வீட்டு விலாசத்தைச் சொல்லுவதைக் கேட்கிற மாதிரி. "தம்பி இருந்த மண்ணுக்கு மேல தண்ணி நிரப்பினது நாங்கள். தெரியாமச் செய்யேல்லை, தெரிஞ்சுதான் செய்தனாங்கள்." பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்த மூலையில் ஒருவன் கெக்கட்டமிட்டுச் சிரித்தான், மற்றவர்கள் அவனை இடித்துவிட்டுத் தாங்களும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது, ஒரு சொல்லும் விளங்காதே. ட்ரெவரின் வாய் திறந்து நின்றது. "பேப்பர் இல்லை எண்டு ஒவ்வொரு முறையும் சொன்னது..." என்று சொல்லி, நின்று, மூச்சு எடுத்தாள், எடுத்தபோதுதான் அவளுக்கே கேட்டது. மேயரின் மூச்சு. முதல் சொல்லிலிருந்தே மேயரின் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தாள், வேறெந்தக் குரலிலும் அந்தச் சொற்களை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, அவை அந்தக் குரலில்தான் பிறந்தவை. பாசையை மறைத்தவள் குரலை மறைக்க மறந்துபோனாள். மேயர் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டிருந்தார், தன்னுடைய குரலைத் தனக்கே தெரியாது. இனி நிறுத்த முடியாது, தட்டு தூக்கியாயிற்று. "பொய்," என்றாள்.

கை தட்டினார்கள். நல்லாய்த் தட்டினார்கள், அழகான பாசை என்று முன்வரிசைக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். அம்மா தட்டவில்லை, அம்மா எழும்பி நின்றாள், எதற்கு எழும்பினோம் என்று தெரியாத மாதிரி. தெல்மா அன்ரி மேயரிடமிருந்து பார்வையை எடுத்திருந்தார். வோக்கரின் பூட்டைக் கழற்றும் சத்தம் இரண்டு தரம் கேட்டது, சில்லுகள் புல்லில் வந்து சயந்தவிக்கு முன்னால் நின்றன. அன்ரி அவளுடைய வாயைப் பார்த்தார், நிறைய நேரம், பல் வைத்தியர் பார்க்கிற மாதிரி. கோபம் இருந்தால் சயந்தவி அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள், கோபத்தை அவளால் பிடிக்க முடியும். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த முகத்தில் எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று, அது எரிந்ததே இப்போதுதான் தெரிந்தது, அணைந்துகொண்டிருந்தது.

"நீதானா," என்றார்.

"ஓம் அன்ரி." அது யாருடைய குரலும் இல்லை, மெல்லியதாக, உடைந்து வந்தது.

அன்ரி தலையை ஆட்டினார். திரும்பி, முன்வரிசையில் இருந்த தன்னுடைய சனத்தைப் பார்த்தார், கைக்குழந்தையைப் பார்த்தார், அவர்களுக்கு எப்படிச் சொல்லுவது என்று கணக்குப் பார்க்கிறவர் மாதிரி. பிறகு, சயந்தவிக்கு மட்டும் கேட்கிற அளவில், கதைத்துப் பழகிய ஆளிடம் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

"அப்ப எனக்கு ஒருத்தரும் கோல் எடுக்கேல்லை."